அரைப்பேரும் அரைக்குருதியும்

பொழுது சாய்கின்றது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவு ஒன்றில், கொழுந்து மடுவத்தின் முன்னே பெண்கள் வரிசையாக நிற்கின்றனர். ஒருத்தி கூடையை இறக்குகின்றாள். கொழுந்து தராசில் ஏறுகின்றது. கணக்கப்பிள்ளை எடையைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்கின்றார். அன்றைக்கென வரையறுக்கப்பட்ட எடையைக் கொண்டுவந்தவளுக்கு முழுப்பேர். அதிற் குறைந்தவளுக்கு அரைப்பேர். அதாவது, நாள் முழுவதும் மலையில் நின்றிருந்தும் பாதிக் கூலி. ‘பேர்’ என்னும் சொல் பிறவிடங்களில் மனிதரின் பெயரைக் குறிக்கும். தோட்டத்திலோ அது ஒரு நாளைய கூலியைக் குறிக்கின்றது. ஒருத்தியின் பெயரையே பாதியாக வெட்டி எழுதும் வழக்கத்துக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைத்திராது.

எடை ஏன் குறைந்தது என்று தராசு சொல்வதில்லை. அவ்வினாவுக்குத் தோட்டத்தில் நெடுங்காலம் ஆயத்தமாயிருந்த விடை சோம்பல் என்பதே. துரை அதனைக் கங்காணியிடம் சொன்னார். கங்காணி அப்பெண்ணிடம் சொன்னார். காலப்போக்கில் அவளே தன்னைப்பற்றி அவ்வாறு நம்பத் தொடங்கியிருக்கவுங் கூடும். அச்சொல் எத்துணைப் பிழையானது என்பதை உடலியல் அறிஞர் படிப்படியாகவே கண்டனர். இத்தாலியில் ஒரு தவளைக் காலில் தொடங்கிய அத்தேடலின் முக்கியமான அத்தியாயம் ஒன்று இலங்கை மலைநாட்டின் தேயிலைச் செடிகளுக்கிடையே நடந்தேறியது.

முதலிற் கொழுந்தெடுக்கும் தொழிலையே சற்று உற்று நோக்குதல் வேண்டும். அதனை இலேசான வேலை என்று எண்ணுவோர் பலர். பாறை உடைப்பதைப் போலவோ கிடங்கு வெட்டுவதைப் போலவோ அதில் வியர்வை ஆறாய்ப் பெருகுவதில்லை. ஆயினும், கண் ஈரிலையும் ஒரு மொட்டுமாகிய துளிரைத் தேர்ந்தெடுக்க, விரல்கள் அதனை ஒடிக்க, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்புறக் கூடைக்குள் எறிய, இவ்வாறே ஒரு நாளில் பல்லாயிரம் முறை நிகழ்கின்றது. கூடையின் கயிறு தலையில் மாட்டப்பட்டிருப்பதால், அது நிறைய நிறையப் பாரம் முழுவதும் கழுத்திலும் முதுகிலும் இறங்குகின்றது. இடுப்பிற் கட்டிய படங்கு மழையையும் செடியின் முரட்டுக் கிளைகளையும் ஓரளவு தடுக்கும். காலடியிலோ வழுக்கும் சரிவு. நிற்பதே ஒரு வேலையாகும் இடம் அது.

விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் உள்ளன. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டின் வழியாகச் சென்று விரலெலும்புகளைப் பற்றி இழுக்கின்றன. ஒரு முன்கையை மற்றக் கையாற் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கிப் பார்ப்பவர் எவரும் இதனை உடனே உணர்வர். பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுப்பதை ஒத்தது இது. அத்தசைகளுக்குக் கட்டளை கொண்டுவருவன நரம்புகள். மூளையிற் பிறக்கும் ஆணை முண்ணாணில் இறங்கி, கழுத்தருகே வெளிப்பட்டு, கையின் நரம்பு வழியே தசையைச் சேர்கின்றது.

அந்த ஆணை எத்தகையது என்பது இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புதிராகவே இருந்தது. நரம்புகள் உள்ளீடற்ற குழாய்கள் என்றும், அவற்றினூடே ஏதோ ஓர் ஆவி பாய்கின்றது என்றும் ஐரோப்பாவில் நம்பினர். 1791ஆம் ஆண்டிலே பொலோஞா நகரத்து லூயிகி கல்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தாற் துடிப்பதைக் கண்டு எழுதிய நூலே அந்நம்பிக்கையைத் தகர்த்தது. எனினும் நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே இயலாது என்று பெரிய அறிஞர்களும் கருதினர். 1850இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதனை அளந்தே காட்டினார். வினாடிக்கு ஏறத்தாழ 27 மீற்றர்! மின்னலுக்கு நிகரென எண்ணப்பட்டது விரைந்தோடும் குதிரையை ஓரளவே மிஞ்சியது. மனிதரின் கை நரம்புகளில் அவ்வேகம் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே முண்ணாணிற் புறப்பட்ட ஆணை கொழுந்தெடுப்பவளின் முன்கையைச் சேர வினாடியின் நூறில் ஒரு பங்கே போதும்.

நரம்பு தசையை நேரே தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே மிக நுண்ணியதோர் இடைவெளி உண்டு. அதனைக் கடக்கும் தூது ஓர் இரசாயனப் பொருள். அதன் பெயர் அசற்றைல்கோலின். அப்பொருளின் பணியை வெளிப்படுத்திய ஓட்டோ லோவி, ஹென்றி டேல் ஆகிய இருவருக்கும் 1936இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தூது கிட்டியதும் தசைநாரினுள் கல்சியம் வெளிப்படுகின்றது, தசை சுருங்குகின்றது. சுருங்குவது எவ்வாறு? நார்கள் இரப்பரைப் போலத் தாமே குறுகுகின்றன என்றே நெடுநாள் எண்ணினர். 1954இல், ஒரே குடும்பப்பெயரைக் கொண்ட, ஆனால் உறவினரல்லாத ஹக்ஸ்லி என்னும் இருவர், வெவ்வேறு துணைவரோடு தனித்தனியே ஆராய்ந்து, ஒரே வேளையில் ஒரே முடிவை வெளியிட்டனர். தசையினுள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. எவ்விழையும் தன் நீளத்திற் குறைவதில்லை. ஒன்று மற்றொன்றின் இடையே வழுக்கிச் செல்கின்றது. கிணற்றடியில் வடத்தை இரு கைகளாலும் மாறிமாறிப் பற்றி இழுப்பது போலத் தடித்த இழையின் நுண்ணிய கொளுவிகள் மெல்லிய இழையைப் பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடியும் பற்றுகின்றன.

ஒவ்வொரு இழுப்புக்கும் விலை உண்டு. அவ்விலையைத் தசை செலுத்தும் நாணயம் ஏரீபீ எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் ஒரு சேர்மம். தசையிடம் அதன் கையிருப்பு சில வினாடிகளுக்கே போதும். ஆகவே செலவழியும் போதே அது ஆக்கப்பட்டும் வரல் வேண்டும். ஆக்குவதற்கு வழிகள் இரண்டு. உணவுப்பொருளை ஒட்சிசனைக் கொண்டு முற்றாக எரிப்பது ஒன்று. அது நிதானமானது, சிக்கனமானது, நாள் முழுவதும் நடக்கக்கூடியது. ஒட்சிசனின்றி வெல்லத்தைப் பாதியளவில் உடைப்பது மற்றொன்று. அது விரைவானது, ஊதாரித்தனமானது, நெடுநேரம் நீடிக்க இயலாதது. இரண்டாம் வழியில் இலத்திக் அமிலம் திரள்கின்றது. ஒட்சிசன் இல்லாதவிடத்துத் தவளையின் தசையில் அது திரள்வதையும், ஒட்சிசன் கிடைத்ததும் மறைவதையும் 1907ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் பிளெச்சரும் ஹொப்கின்சும் காட்டினர். அவ்வமிலமே களைப்பை உண்டாக்கும் நஞ்சு என்று பின்னர் பல்லாண்டுகள் பாடநூல்கள் கூறிவந்தன. அக்கூற்று இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும், இலேசான வேலையிலேயே ஒருவரது குருதியில் அது மிகுமாயின், அவருடைய தசைகள் ஒட்சிசனுக்குத் தவிக்கின்றன என்பதற்கு அது நல்ல சான்று.

ஒட்சிசனைச் சுமந்து வருவது குருதியிலுள்ள ஈமோகுளோபின். அதன் நடுவே இருப்பது இரும்பு. ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனை ஏற்கும். நலமுள்ள பெண்ணொருத்தியின் 100 மில்லிலீற்றர் குருதியில் 12 கிராமோ அதற்கு மேலோ ஈமோகுளோபின் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அது 6 கிராமாகக் குறைந்தவளுடைய குருதி, பார்வைக்குக் குருதியேயாயினும், வேலைக்கு அரைக்குருதிதான். இதயம் விரைந்தடித்து அக்குறையை ஈடுசெய்ய முயல்கின்றது. சமதரையில் அம்முயற்சி ஒருவாறு பலிக்கும். தலையிற் கூடையோடு மேட்டில் ஏறும்போது இதயத்துக்கு இனி விரைய இடமில்லை. அப்பொழுது அவள் நிற்கின்றாள். கீழே நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு அது சோம்பலாகத் தோன்றுகின்றது.

இம்மலைகளுக்கு இம்மக்கள் வந்த கதையைத் தனியே விரித்துரைக்க வேண்டியதில்லை. 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1869இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த சில பத்தாண்டுகளிற் கோப்பியை அழித்தது. அதற்கிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிக்குப் பருவ காலத்து ஆட்கள் போதும்; தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரயிலும் இணையும்வரை, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்துவந்தவர் எண்ணிறந்தோர்; வழியில் வாந்திபேதிக்கு இரையானோரும் எண்ணிறந்தோர். வந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஓர் அறை. கழிப்பிடம் என்று ஒன்று பல லயங்களில் இல்லவேயில்லை. தேயிலைச் செடிகளின் மறைவே கழிப்பிடமாயிற்று. அதே செடிகளுக்கிடையே வெறுங்காலோடு நின்று கொழுந்தெடுப்பதே தொழிலுமாயிற்று. இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவை அன்று எவரும் அறியார்.

அறிந்திருக்க வேண்டிய செய்தி வேறிடத்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1838ஆம் ஆண்டிலே, இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர் அஞ்சலோ டுபினி, இறந்த குடியானவப் பெண்ணொருத்தியின் குடலில் ஒரு சென்ரிமீற்றரளவே நீளமான புழுக்களைக் கண்டார். கொழுக்கிப்புழு என்பது அதுவே. அது இருப்பது தெரிந்ததேயன்றி, அதன் தீமையின் அளவு அடுத்த நாற்பது ஆண்டுகளாக விளங்கவில்லை. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொதார்த் சுரங்கப்பாதை வெட்டப்பட்டபோது, 1880ஆம் ஆண்டளவில், அங்கு உழைத்த இத்தாலியத் தொழிலாளர் வெளிறி, மூச்சிரைத்து, நடைதளர்ந்து வீழ்ந்தனர். அவர்களுடைய குடலில் டுபினியின் புழு நிறைந்திருந்தது. சூடும் ஈரமும் இருளும் மிக்க சுரங்கத்திலும் கழிப்பிடம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. மலையைக் குடைந்தவருக்கும் மலைமேல் நின்றவருக்கும் ஒரே நோய், ஒரே காரணத்தால் வந்தது.

புழு உடலுக்குள் நுழையும் வாயிலை அறிய உதவியது ஒரு தற்செயல். கெய்ரோ நகரில் ஆராய்ச்சி நடத்திய ஆர்தர் லூஸ் என்னும் ஜேர்மானியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீரைத் தவறித் தம் கைமேற் சிந்திக்கொண்டார். தோல் எரிந்தது, சிவந்தது. சில வாரங்களின் பின் அவருடைய மலத்திலேயே அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன! வாய்வழியன்றித் தோல்வழியாகவே புழு புகுகின்றது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் முட்டை பொரிந்து, குஞ்சு காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கால் நுழையும். குருதியோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே மேலேறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேரும். குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்காக வாழும்.

மலைநாட்டுத் தொழிலாளிக்கு அட்டையைப்பற்றி எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஈரமான மலைகளிற் காலிலேறும் அட்டையை அவள் காண்கின்றாள். சுண்ணாம்போ உப்போ சவர்க்காரமோ பூசி அதனை விலக்குகின்றாள். அது குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். குருதியை உறையவிடாது தடுக்கும் பொருளைச் சுரக்கும் அதே வித்தையைக் கைக்கொண்டு, உதிராமல், கண்ணிற் படாமல், இரவும் பகலும் உள்ளேயிருந்து குடிக்கும் அட்டைகளே இப்புழுக்கள். இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் இனத்துப் புழுவொன்று நாளொன்றுக்கு இழக்கச்செய்யும் குருதி ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர், ஒரு துளியினும் குறைவு. ஆனால் முந்நூறு புழுக்கள் இருப்பின் அது நாளுக்கு 9 மில்லிலீற்றர் ஆகும். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. எனவே நாளொன்றுக்கு நான்கு மில்லிகிராம் வரை இரும்பு வெளியேறுகின்றது. சாதாரண உணவிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்வதோ நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். வரவினும் செலவு மிகுந்த இக்கணக்குடன் மாதவிடாயும் மகப்பேறும் சேருமிடத்து, பெண்ணின் நிலை யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1902இல் அமெரிக்காவிலே சார்ள்ஸ் ஸ்டைல்ஸ், அந்நாட்டின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையரின் மந்தத்துக்கு இப்புழுவே காரணம் என்று அறிவித்தபோது, செய்தித்தாள்கள் அதனைச் ‘சோம்பற் கிருமி’ என்று கேலியாக வருணித்தன. பழிச்சொல் மனிதரை விட்டு நீங்கிப் புழுவின்மேல் ஏறிய முதற் கட்டம் அது. செல்வர் ரொக்பெல்லரின் நிதியைக் கொண்டு 1909இல் அங்குத் தொடங்கிய புழு ஒழிப்பு, 1913இல் உலக நாடுகளுக்கும் விரிந்தது. இலங்கையில் அது 1916ஆம் ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கிற்று. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோரின் வயிற்றில் புழு இருந்தது. நுவரெலியாவை ஒட்டிய, 6,000 அடிக்கும் மேற்பட்ட குளிர்ந்த உயரங்களில் மண்ணிலுள்ள புழுக்குஞ்சின் வளர்ச்சி மெதுவானதே. ஆயினும் தொழிலாளர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினர். புழுவும் அவர்களோடு மலையேறிற்று.

அந்த இயக்கம் நன்மை செய்யாமல் இல்லை. எனினும் அதன் நோக்கத்தை மிகைப்படுத்திக் கூறவும் வேண்டியதில்லை. தோட்டத்துக்கு வேண்டியிருந்தது உழைக்கும் கை. கையைச் செப்பனிட்டுத் தருவதாகவே அவ்வியக்கமும் தன்னைத் துரைமாருக்கு அறிமுகஞ்செய்துகொண்டது. கடுமையான மருந்தைக் குடித்து, பேதிக்கும் உட்கொண்டு, ஒரு நாட் கூலியையும் இழக்க வேண்டியிருந்ததால் தொழிலாளர் பலர் மருந்துக்கு அஞ்சினர். அதனை அறியாமை என்று எழுதிவைத்தோர், வயிற்றைப் புரட்டும் அம்மருந்தைத் தாம் குடித்துப் பார்த்ததில்லை. 1921க்குப் பின் வந்த கார்பன் டெட்ராகுளோரைட்டு புழுவை விரைவிற் கொன்றது. ஆனால் அது ஈரலுக்குக் கேடு விளைப்பதென்பது பின்னர் நன்கு தெரியவந்தது. எல்லாவற்றினும் பெரிய இடையூறு கழிப்பிடமே. மருந்து கொடுத்து அனுப்பப்பட்டவள் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நின்றாள். சில மாதங்களிற் புழு மீண்டும் புகுந்தது. கழிப்பிடம் கட்டுவது செலவு. செலவென்றதும் தோட்ட நிருவாகங்கள் தயங்கின. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைப்பற்றி 1872லும், மேலும் விரிவாக 1912லும் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தும், ஏட்டிலிருந்த சட்டம் லயத்தின் வாசலை அடைய நெடுங்காலம் பிடித்தது.

அடுத்த அரை நூற்றாண்டிற் பல மாறின. 1948இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினி தலைவிரித்தாடியது, இறப்புகள் பெருகின. பசி வாட்டிய அந்த 1970களிலேயே, தசையும் நரம்பும்பற்றி ஆராயும் அறிஞர் சிலர் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் வந்தனர்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ரெஜி எட்கர்டன், கார்ட்னர், ஜப்பானியரான ஓஹிரா, இலங்கையரான குணவர்தன, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராயிருந்த பிரையன் செனவிரத்ன ஆகியோர் இவ்வாய்வுகளில் ஈடுபட்டனர். முதலில், தேயிலைத் தோட்டப் பெண்களை இயந்திரத்தால் ஓடும் நடைபட்டியின்மேல் நடக்கச்செய்து, இதயத்துடிப்பையும் குருதியிலுள்ள இலத்திக் அமிலத்தையும் அளந்தனர். 1977இல் வெளிவந்த முடிவு ஐயத்துக்கு இடமின்றியிருந்தது. ஈமோகுளோபின் குறையக் குறைய, நடக்கும் நேரமும் சுமக்கும் வேலையளவும் குறைந்தன. அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடித்தது. இலத்திக் அமிலம் மிகுந்தது. கேம்பிரிட்ஜின் தவளைத் தசையிற் கண்ட உண்மை, தோட்டப் பெண்ணின் தசையிலும் எழுதப்பட்டிருந்தது.

ஆயினும் நடைபட்டி வேறு, தேயிலை மலை வேறு. ஆகவே அடுத்த ஆய்வு மடுவத்துத் தராசுக்கே சென்றது. கொழுந்தெடுக்கும் பெண்களிற் சிலருக்கு இரும்புச்சத்தும், ஏனையோருக்கு அதனைப் போலத் தோன்றும் வெறும் மருந்தும் அளித்து, அவர்கள் நாள்தோறும் எடுத்த கொழுந்தின் எடையை ஒப்பிட்டனர். 1979ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான அவ்வாய்வு இரண்டு செய்திகளைச் சொன்னது. இரும்பு பெற்று ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் மிகுதியான கொழுந்து எடுத்தனர்; மிக வெளிறியிருந்தவர்களிடத்தே முன்னேற்றம் மிகுந்திருந்தது. இது முதற்செய்தி. அவர்களுடைய உடலசைவை நாள்முழுவதும் பதிவுசெய்யும் கருவிகளைக் கொண்டு பார்த்தபோது, வேலை நேரத்துக்கு வெளியேயும் அவர்கள் கூடுதலாக இயங்கினர் என்பது இரண்டாவது.

முதற்செய்தியையே உலகம் பெரிதாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் இந்தோனீசியாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும் இவ்வாறானதோர் ஆய்வு வெளிவரவே, இரும்புக் குளிசைக்குச் செலவிடும் பணம் உற்பத்தியாற் பன்மடங்காகத் திரும்பும் என்று பொருளியலார் கணக்கிடத் தொடங்கினர். இரண்டாவது செய்தியே அதனினும் ஆழமானது. மலையிலிருந்து திரும்பியவள் விறகு பொறுக்கி, நீர் சுமந்து, அடுப்பு மூட்டி, குழந்தையை ஏந்த வேண்டியவள். தராசு அவ்வேலைகளை நிறுப்பதில்லை. மலையில் முழுப்பேர் பெறுவதற்காகத் தன்னிடமுள்ள சிறிதளவு ஆற்றலையும் செலவிட்ட பெண், வீட்டில் எதைக் கைவிட்டாள் என்பதை எந்தப் புத்தகமும் பதிவு செய்ததில்லை.

இதனோடு ஒட்டி, 1976இல் அமெரிக்காவில் எலிகளில் நடந்த ஓர் ஆய்வையும் குறிப்பிடல் வேண்டும். இரும்புக்குறையுள்ள எலிகளுக்கு வேற்றுக் குருதி ஏற்றி, ஈமோகுளோபினை நல்ல எலிகளின் அளவுக்குக் கொண்டுவந்தனர். அப்பொழுதும் அவை நன்றாக ஓடவில்லை. குருதி சரியாகிவிட்டது, தசை சரியாகவில்லை. தசைக்கலத்தினுள் ஒட்சிசனைக் கொண்டு எரிக்கும் நுண்ணிய அடுப்புகளாகிய இழைமணிகளிலும் இரும்பைக் கொண்ட நொதியங்கள் உண்டு. அங்கும் இரும்பு வற்றிப்போயிருந்தது. கொழுந்தெடுப்பவளை நாள் முழுவதும் சரிவில் நிமிர்த்தி நிறுத்தும் முதுகுத் தசைகளும் காற்றசைகளும் இவ்வடுப்புகள் செறிந்த, மெதுவாக இயங்கும் செந்நிறத் தசைநார்களை மிகுதியாகக் கொண்டவை. வற்றுதலின் வேதனை முதலில் அங்கே தெரிவது வியப்பன்று.

இன்று புழுவைக் கொல்லப் பாதுகாப்பான குளிசைகள் உள்ளன. கருவுற்ற தாய்மாருக்குச் சுகாதார நிலையங்களில் இரும்புக் குளிசை வழங்கப்படுகின்றது. கழிப்பிடமில்லாத லயங்களும் அருகிவிட்டன. புழுவின் கொடுமை பெரிதும் தணிந்துவிட்டபோதிலும், வெளிறல் நோய் தோட்டங்களை விட்டு நீங்கிவிடவில்லை. உணவின் வறுமை அதற்கொரு காரணம். மற்றொரு காரணம் 1975ஆம் ஆண்டளவில் உறுதிப்பட்டது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தானிய உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், உடல் உறிஞ்சும் இரும்பு பாதிக்கும் கீழே குறைகின்றது. ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விட வேண்டும் என்பது மருத்துவர் கூறும் நல்ல அறிவுரை. தோட்டத்துப் பெண்ணோ விடியற்காலையிற் பெரட்டுக்குப் புறப்படுமுன் ரொட்டியையும் சாயத் தண்ணீரையும் ஒரே மூச்சில் முடித்துக்கொள்கின்றாள். மலையிற் கிடைக்கும் சிறு இடைவேளையிலும் அவ்விரண்டுமே அவள் கையில் இருக்கின்றன. அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று அவள் கேட்டால், கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அதற்கு இடமில்லை.